மைனர் இறங்கிய விதம்

“ஏத்தா, காலேஜுல ஒனக்குக் குதிரை எறக்கவா சொல்லிக் குடுத்தாக?”

கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் எதைக் கேட்டாலும் பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்பார். நாலு பேர் இல்லையென்றால் வரும்வரை காத்திருந்து கேட்பார். அன்றைக்கு இருந்தவர்கள் அப்பா, அம்மா, ஒரு குதிரைத் தரகர், அப்புறம் எங்கள் குதிரை மைனர். அந்தக் கேள்விக்குச் சிரிக்காதவன் மைனர் மட்டும்தான்.

நேற்று அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டினோம். ஜன்னல் வழியாகச் சரவெடி வாடை உள்ளே வந்தது. பக்கத்து சீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மோந்தேன். சிலருக்கு இந்த வாடை தீபாவளியை நினைவூட்டும். எனக்கு மாமாவின் கேள்வியும், ஈரச் சாக்கும் குதிரை லத்தியும் மணத்த ஓர் ஆடி மாதமும்தான் ஞாபகம் வரும். வெடிக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் சேர்த்தே அத்தனை வருடம் போதவில்லை. சொல்கிறேன்.

அப்பா முதலில் லோடு வண்டிதான் ஓட்டினார். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பருத்தியும் மல்லியும் மூட்டை மூட்டையாக அவர் வண்டியில் டவுனுக்குப் போகும். ஒரு கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் இறக்கப் போனவர், குதிரை மேல் மாப்பிள்ளை வருவதைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ஒரு மாலை. குதிரைக்கு ஒரு மாலை. குதிரையைப் பிடித்து வந்தவருக்குத் தோளில் புதுத் துண்டு. அப்பாவிடம் அண்டாவைச் சுவரோரமாக வைக்கச் சொன்னார்கள். பருத்தி மூட்டைக்கு யாரும் மாலை போடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளைக் குதிரையோடு வந்து நின்றார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மைனரு மாதிரில்ல நிக்கிது” என்றாள். அதுவே பெயராயிற்று.

பெயருக்குக் குறை வைக்கவில்லை அவன். மூக்கு நுனி ரோஸ் நிறம். வெயிலில் தோல் உரியும் என்று தினமும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். திருச்சுழி வெயிலிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குகளுக்கு இதுவரை யாரும் எண்ணெய் தடவியதில்லை. நடை, நிற்பு, மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் பாங்கு எல்லாம் அழகு. வண்டியில் ஏறவும் ஏறிவிடுவான். இறங்குவதுதான் வராது.

அதற்குக் காரணம் இருந்தது. குதிரைக்கு வரவேற்பு என்று எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. மண்டப வாசலில் வண்டி நின்றதும் ஒருவர், “குதிரை வந்திருச்சுடோய்!” என்று கத்துவார். மேளக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். அதற்கென்றே தெருவில் நீளமாக விரித்து வைத்திருக்கும் சரவெடியில் தீ வைப்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து வண்டியின் பின்கதவுச் சங்கிலியைக் கழற்றி டமாரென்று கீழே விடுவார்கள். குதிரையின் முகம் டிரைவர் பக்கம் இருக்கும். பின்பக்கமாகத்தான் இறங்கியாக வேண்டும். கால் வைக்கிற இடம் தெரியாது. இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்துத் தள்ள, இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுக்க, மிச்சமுள்ளவர்கள் யோசனை சொல்வார்கள். கம்பு வைத்திருப்பது எப்போதும் மாமாதான்.

மைனர் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்வான். சில சமயம் விழுந்து எழுந்திருப்பான். உடம்பெல்லாம் வெடவெடக்கும். கூட்டம் கைதட்டும். “குதிரைன்னா இப்பிடித் துடியா இருக்கணும்ப்பா” என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அந்தப் பெரியவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார், வேறு வேறு சட்டையில்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் மல்லாங்கிணற்றில். அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். வெடி வெடித்தது. மைனர் பாய்ந்தான். அப்பாவும் பாய்ந்தார், அவர் விரும்பாமலே. மணிக்கட்டு முறிந்துவிட்டது. பக்கத்தில் மாலை போட்டு நிறுத்தியிருந்த மாப்பிள்ளையின் புதுப் பைக்கும் சாய்ந்தது. ஒரு வாரம் ஊரெல்லாம் விசாரித்தது பைக்கைப் பற்றித்தான்.

அதன்பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கண்ணு பட்டிருச்சு என்று பூசணிக்காய் உடைத்தோம். வண்டியின் எல்லாச் சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். காலில் கறுப்புக் கயிறு கட்டினோம். மாமா ஒருபடி மேலே போய்த் துண்டால் அவன் கண்ணைக் கட்டி இறக்கிப் பார்த்தார். அதுவரை பார்த்துப் பயந்தவன், அன்றைக்குப் பார்க்காமலே பயந்தான். “இதுக்குப் பேசாம ஐயனார் கோயில் மண்குதிரையக் கொண்டுக்கிட்டுப் போகலாம், அது ஏறவும் வேணாம் எறங்கவும் வேணாம்” என்றாள் அம்மா. மாமா அதையும் ஒரு யோசனையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் அப்பா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே, “குடுத்துருவோம்” என்றார். தரகர் வந்தார். ஆள் தணிவாகத்தான் பேசுவார். குதிரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குதிரையைப் பார்க்கமாட்டார்.

“எறங்க மாட்டேங்குற குதிரைய இந்தப் பக்கம் எவனும் வாங்க மாட்டான். நான் ஏத்திக்கிட்டுப் போயிறேன். சந்தையில பாத்துக்கிருவோம்.”

“சந்தையில போகலன்னா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் போயிரும்மா.”

“எங்க போகும்?”

அவர் அம்மாவிடம் திரும்பி, தண்ணீர் கேட்டார். சந்தையில் விலைபோகாமல் தரகர் வண்டியில் ஏறுகிற குதிரை எங்கே இறங்கும் என்று யாரும் கேட்பதில்லையாம். நான் கேட்டது மரியாதைக் குறைவாகப் போய்விட்டது.

“சந்தை ஆடிக் கடைசியிலதான? அதுவரைக்கும் எங்கிட்ட விடுங்கப்பா. நான் எறக்கிக் காட்டுறேன்.”

அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் சிரித்து முடித்ததும் அப்பா, “சரி தாயி. சந்தைக்கு முந்துன நாள் வரைக்கும். அதுக்கப்புறம் அழுகக் கூடாது” என்றார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய் முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாசில்தாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கணிதத்தில் பட்டம். அதனால் வீட்டில் எனக்குக் கிடைத்த பதவிகள்: பஸ் போர்டு வாசிப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, பேங்கில் சலான் எழுதுவது. மிச்ச நேரத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்தேன். எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கிய எல்லோரும் அதற்குத்தான் படிக்கிறார்கள். அதுவும் ஒரு வேலை மாதிரிதான், சம்பளம் மட்டும் கிடையாது. கர்வம் எனக்கு உண்டு. படித்து வந்த கர்வம். யாரிடமும் கடனாக வாங்கியதில்லை.

கர்வத்துக்கு முதல் அடி மறுநாளே விழுந்தது. செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் குதிரை இறக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். புல்வெளி, மெத்தை வைத்த வண்டி, அகலமான சாய்வுப் பலகை. குதிரை ஏதோ சொந்தக்கார வீட்டுக்கு வந்தது மாதிரி இறங்கி வந்தது. நம்மிடம் மெத்தை இல்லாவிட்டால் என்ன, கொள்ளு இருக்கிறதே என்று வேகவைத்த கொள்ளை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்று, “வா மைனர், வா” என்றேன். வந்தான். ஒரே பாய்ச்சலாக. நான் ஒதுங்கிய இடத்தில் சீமைக்கருவேலம். அன்று மதியம் முழுக்க அம்மா ஊசியால் முள் எடுத்தாள். எடுத்துக்கொண்டே, “டீச்சரம்மா, குதிரை எறங்கிருச்சில்ல, பாடம் முடிஞ்சிருச்சா?” என்றாள்.

அதன்பிறகுதான் வாயை மூடிக்கொண்டு அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். முற்றத்தில் வண்டியை நிறுத்தி, மேளம் இல்லை, வெடி இல்லை, சும்மா சங்கிலியை மட்டும் தொட்டேன். அவன் கழுத்தில் வியர்வை பூத்துவிட்டது. கதவு திறக்கவே இல்லை, சங்கிலிச் சத்தத்துக்கே. புரிந்துவிட்டது. கதவு திறந்தால் வெடி. இவ்வளவுதான் கணக்கு. மைனர் அதைச் சரியாகத்தான் போட்டிருந்தான். நாங்கள்தான் விடையைப் பார்த்துவிட்டுக் கண்ணேறு என்றோம்.

ஊருக்கு வெளியே கண்மாய் இருக்கிறது. ஆடியில் அதில் தண்ணீர் தேடுவது நியாயமில்லை. அதன் கரையில் ஒரு பக்கம் மண் அள்ளிய வெட்டு ஒன்று இருந்தது. யார் அள்ளினார்கள் என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். வண்டியை அந்த வெட்டுக்குள் இறக்கி, உயரமான கரையில் அதன் பின்புறத்தைக் கொண்டுபோய் ஒட்டினால், வண்டித் தளமும் மண்ணும் ஒரே மட்டம். பள்ளமே கிடையாது. கரை தணிகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் முழங்கால் உயரம். இன்னும் தள்ளினால் இடுப்பு உயரம். எந்த அளவு பள்ளம் வேண்டுமோ அந்த அளவு கிடைக்கும்.

அப்பாவின் கை மாவுக்கட்டில் இருந்ததால் வண்டியை மாமாதான் ஓட்ட வேண்டும். கேலி செய்ய வேண்டுமானால் வந்துதான் ஆக வேண்டும் என்று அவரும் தவறாமல் வந்தார். வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டுக் கருவேல நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்.

முதல் பாடம், கதவு திறந்தால் ஒன்றும் நடக்காது என்பது. சங்கிலியைச் சத்தமில்லாமல் கழற்றி, கதவைக் கையால் தாங்கி மெதுவாகக் கீழே விடுவேன். தகரம் அதிராமல் இருக்க ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் செம்மண் போட்டிருந்தேன். பிறகு நான் அந்தக் கதவு ஓரத்தில் உட்கார்ந்து தேர்வுப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள். மாநிலங்களவையின் அமைப்பு. மைனர் காதைப் பின்னால் திருப்பிக் கேட்பான். அரசியலமைப்புச் சட்டத்தை அந்தப் பொறுமையோடு கேட்டவர்கள் எங்கள் வட்டாரத்தில் யாரும் கிடையாது. தேர்தலில் நின்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“என்னத்தா, குதிரையக் கலெக்டராக்கப் போறியா?” என்பார் மாமா படுத்தபடியே.

“மொதல்ல அவன் எறங்கட்டும் மாமா. அப்புறம் ஒங்களுக்கும் நடத்துறேன்.”

வியர்ப்பது நின்ற பிறகு அடுத்த பாடம். நெஞ்சில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினால் ஒரு கால் பின்னால் வைப்பான். உடனே விட்டுவிடுவேன். அவனை மறுபடி உள்ளே கூப்பிட்டுக் கொஞ்சம் கொள்ளு. மறுபடி ஒரு கால், மறுபடி உள்ளே. பின்னங்கால் இரண்டும் மண்ணில் பட்டுவிட்ட பிறகும், இதோ இறங்கிவிடப் போகிறான் என்கிற நேரத்தில், மறுபடி உள்ளே. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

“எறங்க வந்ததப் போயி மறுபடி ஏத்துறியே. வெளையாடுறியா?”

“பாதியில திரும்பிக்கிறலாம்னு தெரிஞ்சாத்தாம்மா பயப்படாம முழுசா வருவான்.”

அம்மா கஞ்சியை ஊற்றிவிட்டுத் தூக்குவாளியை மூடினாள். பிறகு, “எங் கல்யாணத்துக்கு முன்னாடி இத எங்கப்பாருகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கலாம்” என்றாள். கரையில் படுத்திருந்த அவள் தம்பி அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவே வர ஆரம்பித்தாள். சத்தத்துக்குப் பழக்க வேண்டுமென்று தூரத்தில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவாள். அவன் காதை விறைத்தால் நிறுத்துவாள். தலையைத் தாழ்த்தினால் ஓர் எட்டு கிட்டே வருவாள். பிறகு செல்போனில் மேளம். மட்டமான இடத்தில் இறங்கியவன் முழங்கால் பள்ளத்தில் இறங்கினான். பிறகு பலகை வைத்து இடுப்பு உயரத்திலும்.

சந்தைக்கு முந்தின நாள் தரகர் வந்தார். முற்றத்தில் இறக்கிக் காட்டினேன். மைனர் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, தரகரின் சட்டைப் பையை மோந்து பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாகத் தரகர் குதிரையைப் பார்த்தார்.

“வீட்டுல எறங்குது, சரி. கல்யாணத்துல எறங்குமாம்மா?” என்றார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அப்பா நடுவில் ஒரு வழி சொன்னார். ஆவணியில் முதல் முகூர்த்தம். அதில் ஒழுங்காக இறங்கினால் மைனர் எங்களோடு. பாய்ந்தால் மறுநாள் காலை தரகர் வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

கல்யாணம் அருப்புக்கோட்டையில், இரும்புக்கடைக்காரர் வீட்டில். வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். மண்டப வாசலில் சிவப்பாக நீளமாகச் சரவெடி. அதன் தலைமாட்டில் புகைகிற ஊதுபத்தியோடு மாப்பிள்ளையின் சித்தப்பா.

வண்டி நின்றதும் முதல் ஆளாகக் குதித்துப் போய் அவரிடம் சொன்னேன். “அய்யா, குதிரை எறங்கி நின்னதுக்கப்புறம் வெடிங்க. இல்லாட்டி இப்பவே வெடிச்சு முடிச்சிருங்க, நாங்க தெருக்கோடியில நிக்கிறோம்.”

“குதிரைக்குத்தாம்மா வெடியே. அது இல்லாம யாருக்கு வெடிக்கிறது?”

“மாப்பிள்ளைக்கு வெடிங்க.”

“ஏம்மா, கல்யாணம் எங்க வீட்டுதா, ஒங்க குதிரையோடதா?”

கூட்டம் சிரித்தது. அந்தப் பெரியவரும் இருந்தார், வேறு சட்டையில். நான் திரும்பிப் போய் வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். சங்கிலி என் முதுகுக்குப் பின்னால். மாமா டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “தாயி, பெரிய எடம். தெறந்துவிட்டுரு. நாளப்பின்ன நம்மளக் கூப்புட மாட்டாக” என்றார். அப்பா கட்டுப்போட்ட கையை மடித்து வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் அவரும் கதவில் சாய்ந்தார். என் கால் நடுங்கியது. அது துடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை. அப்போது மாலையும் தலைப்பாகையுமாக வாசலில் நின்ற மாப்பிள்ளை, மெல்லிய குரலில், “சித்தப்பா, வெடி வேணாம் சித்தப்பா. நான் அதுமேல ஏறணும்” என்றார்.

முகம் வெளிறியிருந்தது. என்னைவிட, மைனரைவிட, அவருக்குத்தான் பயம். சித்தப்பா ஊதுபத்தியை அணைத்தார்.

சங்கிலியைக் கழற்றினேன். கதவைத் தாங்கி விட்டேன். பலகை, சாக்கு, மண். ஒரு கால் வைத்தான். இரண்டாவது காலும் வைத்தான். “அப்பிடித்தான், இழு, வாலப் பிடிச்சு இழு!” என்று யாரோ கத்த, சட்டென்று உள்ளே போய்விட்டான்.

“பாத்தியா” என்றார் மாமா. கூட்டத்தில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்கள். அப்பா இன்னொரு கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். “பொறுங்கப்பா. அது போயிட்டு வரும்.”

நான் தொடவில்லை. கூப்பிடவில்லை. உள்ளே போனவன் அங்கே ஒன்றும் புதிதாக இல்லை என்று பார்த்துக்கொண்டானோ என்னவோ, தானாகவே ஒரு கால் பின்னால் வைத்தான். பிறகு அடுத்த கால். சாக்கில் குளம்பு பதியும் சத்தம்கூடக் கேட்டது. அருப்புக்கோட்டைக் கல்யாண வாசலில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாலு காலும் தரையில் பட்டதும் உடம்பை ஒருதரம் உதறிவிட்டு, மாப்பிள்ளையின் மாலையைத் தின்ன முடியுமா என்று பார்த்தான்.

வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேருக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“இம்புட்டுத்தானா?” என்றார் பெரியவர், ஏமாந்துபோய்.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். “வேற எடம் பாருங்கண்ணே” என்று அப்பா வைத்துவிட்டார். மாமா அன்றைக்கே டீக்கடையில், வண்டியை எந்தக் கோணத்தில் நிறுத்தினால் குதிரை இறங்கும் என்கிற ரகசியம் தமக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. இன்றும் சொல்கிறார். கம்பு மட்டும் இப்போது அவர் கையில் இல்லை. நாங்கள் போகிற இடங்களில் இறங்கும்போது வெடி இல்லை. வாலைப் பிடிக்க ஆளும் இல்லை. கண்மாய்க் கரையைப் போன வருடம் மராமத்து பார்த்து அந்த வெட்டையும் மூடிவிட்டார்கள். என் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது மட்டமான கரை. குதிரையில் வருகிற மாப்பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். கூரை திறந்த காரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வருகிறார்கள். பயந்தாலும் வெளியே தெரிவதில்லை, வசதிதான். நான் தேர்வு எழுதினேனா, என்ன ஆயிற்று என்று மைனர் கேட்டால் மட்டும் சொல்வேன். அவன்தான் கூடப் படித்தவன்.

ஆனாலும் சில நாள் இறங்கும்போது அவன் கழுத்து நனைந்திருந்தது. வண்டியில் பின்னால் அவனோடு நின்று வருகிறவள் நான் என்பதால் காரணம் எனக்குத் தெரியும். மணிக்கட்டு கூடியபிறகும் அப்பாவால் கியர் போட முடியவில்லை. மாமாதான் ஓட்டுகிறார். பாலவனத்தத்திலிருந்து விருதுநகர் வரை உள்ள ஒவ்வொரு வேகத்தடையையும் இப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல மிதிப்பார். பின்னால் நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவோம்.

அதனால் நானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது. வண்டியின் பின்னால் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து ரோட்டில் ஓட்டிப் பழகினேன். முதல் நாள் திரும்பி வந்தபோது வாளியில் அடிமண்டிதான் மிச்சம். ஒரு வாரத்தில் பாதி நின்றது. நேற்று மாலை, அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கையோடு ஒரு சுற்றுப் போனேன். தளத்தில் ஈரமே இல்லை.

இன்று காலை வாளியை இறக்கி வைத்துவிட்டு மைனரை ஏற்றினேன்.